குழந்தை தூக்கத்தில் அலறுதா? ‘ஸ்லீப் ஸ்டடி’ எப்போது தேவை?

தூங்கி ஓரிரு மணி நேரத்தில் குழந்தை திடீரென எழுந்து அலறுது. கண் திறந்திருக்கு, ஆனா உங்களைத் தெரியலை. காலையில் கேட்டால் ஞாபகமே இல்லை. இது பெரும்பாலும் கெட்ட கனவு இல்லைங்க. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து மூளை அரைகுறையாக விழிப்பது. தூக்கத்தில் நடப்பதும் இதே வகைதான்.

முதலில் மொபைலில் வீடியோ எடுங்க. பல குழந்தைகளுக்கு அதுவும் நீங்கள் சொல்லும் விவரமுமே டாக்டருக்குப் போதும்.

ஒரே இரவில் பலமுறை, அச்சு அசலாக ஒரே மாதிரி அசைவுகள் வந்தால் வலிப்பா என்று பார்க்கணும். குறட்டையோடு மூச்சு விட்டுவிட்டு வந்தாலும் சரி, குழந்தைக்கு அடிபடும் அபாயம் இருந்தாலும் சரி, ‘பாலிசோம்னோகிராபி’ சொல்வார்கள். தலை, கண்ணோரம், தாடையில் சென்சார் ஒட்டி, மூளை அலை, மூச்சு, ஆக்சிஜன், இதயத்துடிப்பு எல்லாம் இரவு முழுக்கப் பதிவாகும், கேமராவும் ஓடும். ஊசி கிடையாது.

ஒரு சிக்கல்: அன்றைக்குப் பார்த்து குழந்தை நிம்மதியாகத் தூங்கிடலாம்! அதனால் ரிப்போர்ட் ‘நார்மல்’ என்று வந்தாலும் இந்தப் பிரச்சினை இல்லை என்றாகாது. மூச்சுத்தடை தெரியவந்தால் லாபம்தான். அதைச் சரிசெய்தால் அலறலும் பல குழந்தைகளுக்குக் குறையும்.