குதிரை மயிர் முதல் நைலான் நரம்பு வரை

போன மாசம் எங்க ஊர்க் கண்மாயில் ஒரு விரால் என் தூண்டிலில் மாட்டியது. நல்ல கனம். கரைக்கு நாலு முழம் இருக்கும்போது நரம்பு அறுந்துவிட்டது. முள்ளையும் ரெண்டு முழ நரம்பையும் இழுத்துக்கொண்டு மீன் போயே போச்சு. பக்கத்தில் இருந்த பெரியப்பா, "நரம்பு மாத்தி எத்தன வருசம் ஆச்சு?" என்றார். யோசித்தால் நாலு வருசம்.

"பாக்க நல்லாத்தான இருந்துச்சு பெரியப்பா?"

"நைலான் அப்படித்தான்டா. அறுற அன்னிக்கு வரைக்கும் புதுசு மாதிரியே இருக்கும்."

சரி, நைலான் வருவதற்கு முன்னால் எப்போது மாற்றணும் என்று எப்படித் தெரிந்துகொண்டார்கள்? இதைத் தேடப்போய், தூண்டில் பற்றி விலாவாரியாக எழுதிவைத்த இங்கிலாந்துக்காரர்களிடம் போய்ச் சேர்ந்தேன்.

1496இல் அங்கே அச்சான ஒரு தூண்டில் கையேடு, குதிரை வால் மயிரைத் திரித்துக் கயிறு செய்யச் சொல்கிறது. சின்னப் பொடிமீனுக்கு ஒரே ஒரு மயிர், டிரவுட் மீனுக்கு ஒன்பது, சால்மனுக்குப் பதினைந்து என்று கணக்கும் தருகிறது. முள்ளையும் நாமேதான் செய்துகொள்ளணும். தையல் ஊசியைப் பழுக்கக் காய்ச்சி, கத்தியால் எதிர்முள் கீறி, வளைத்து, மறுபடி காய்ச்சித் தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். இப்படிச் செய்த கயிற்றில் ஒரு மயிர் அறுந்தால் அது தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். தடவினாலே விரலுக்குத் தெரியும். மாற்ற வேண்டிய நேரத்தைக் கயிறே சொல்லிவிடும்.

லண்டனில் நாட்குறிப்பு எழுதிய சாமுவேல் பீப்ஸ், 1667 மார்ச்சில் ஒரு புதுமையைக் குறித்துவைக்கிறார். நரம்பிசைக் கருவிக்குக் கட்டும் மெல்லிய குடல் நரம்பில் வார்னிஷ் பூசி, அதைத் தூண்டிலுக்குப் பயன்படுத்துகிறார் அவருக்குத் தெரிந்த ஒருவர். தண்ணீரில் ஊதாது, மயிரைவிட மெல்லிசு, வலுவும் அதிகம். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம்ம ஊர்க் கடைகளில் நைலான் இழையை நாமும் நரம்பு என்றுதானே கேட்டு வாங்குகிறோம்!

பிறகு பட்டுப்புழு வந்தது. ஸ்பெயினின் முர்சியா பகுதியில் புழுக்களை வினிகரில் ஊறவைத்து, அவற்றின் பட்டுச் சுரப்பியை இழுத்து நீட்டி இழை எடுத்தார்கள். காய்ந்தால் மொறுமொறுவென்று ஒடிந்துவிடும். அதனால் முடிச்சுப் போடும் முன் ஊறவைத்தே ஆகணும். பின்னிய பட்டுக் கயிறு என்றால் மீன்பிடித்து வந்ததும் பிரித்து உலர்த்த வேண்டும், இல்லாவிட்டால் மக்கிவிடும். நம் கடற்கரையிலும் பருத்தி வலைகளை மரப்பட்டைச் சாற்றில் ஊறவைத்துக் காயப்போட்டது இந்த மக்கலுக்குப் பயந்துதான். உலர்த்துவதற்காகத் தினமும் கையில் எடுக்கும்போது, எது நைந்திருக்கிறது என்று கண்ணில் பட்டுவிடும். பராமரிப்பும் பரிசோதனையும் ஒரே வேலையாக இருந்தன.

1935இல் அமெரிக்காவின் டியூபாண்ட் ஆய்வகத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழுவினர் நைலானை உருவாக்கினார்கள். அடுத்த சில ஆண்டுகளிலேயே அது தூண்டில் இழையாகவும் வந்துவிட்டது. மக்காது, ஊறவைக்க வேண்டாம், உலர்த்த வேண்டாம். அதனால் நாம் அதைத் தடவிப் பார்ப்பதையும் விட்டுவிட்டோம். ஆனால் நைலானுக்கும் வயசாகிறது. வெயிலின் புற ஊதாக் கதிர் அதன் வலுவைக் குறைக்கும். கல்லில் உரசினால் கீறல் விழும். முடிச்சுப் போட்ட இடம் எப்போதுமே பலவீனம். இதில் எதுவும் துருத்திக்கொண்டு நிற்பதில்லை.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. குதிரை மயிரும் பட்டும் தண்ணீரில் விழுந்தால் காலப்போக்கில் மக்கிவிடும். நான் தொலைத்த ரெண்டு முழ நரம்பு அந்தக் கண்மாயில் பல வருசம் கிடக்கும். மீன் தப்பித்ததைவிட இதுதான் என்னை உறுத்துகிறது.

அதனால் இப்போது பழைய ஆட்கள் மாதிரி கையால் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். கிளம்பும் முன் கடைசி ரெண்டு பாகம் நரம்பை விரலிடுக்கில் இழுத்துப் பார்ப்பேன். சொரசொரப்பு தட்டினால் அதற்கு மேலே வெட்டிவிட்டுப் புதுசாக முடிச்சு. சுருள் சுருளாகவே நின்றாலோ, நிறம் வெளுத்திருந்தாலோ மொத்தத்தையும் மாற்றிவிடுவேன். முள்முனையைக் கட்டைவிரல் நகத்தில் லேசாக இழுத்துப் பார்ப்பேன். கீறினால் சரி, வழுக்கினால் மழுங்கிவிட்டது. அரத்தால் தீட்டலாம், ஆனால் மேல்பூச்சு போய்விடுவதால் சீக்கிரம் துருப்பிடிக்கும். துருவேறியதையும் வளைந்ததையும் நிமிர்த்திக் கட்டுவதில்லை. கழித்த நரம்பைக் கரையில் போடாமல் துண்டு துண்டாக நறுக்கி வீட்டுக்கே கொண்டுவந்துவிடுகிறேன்.

போன வாரம் நான் இப்படித் தடவிக்கொண்டிருந்ததைப் பெரியப்பா பார்த்தார். ஒண்ணும் சொல்லவில்லை. தன் தூண்டிலையும் எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.