ஏற்காட்டைக் 'கண்டுபிடிச்சது' யாரு? கரடியூர் வரைக்கும் ஒரு நாள் நடை

போன வெள்ளிக்கிழமை ராத்திரி ஆபீஸ்ல ஒரு ரிலீஸ் முடிச்சிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாம நேரா சென்ட்ரல் போய் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறிட்டேன். ஒரு பை, ரெண்டு பாட்டில் தண்ணி, கூட ஒரு நண்பன். சனிக்கிழமை முழுக்க நடக்கணும், ராத்திரி ரயில்லயே திரும்பணும். அவ்வளவுதான் பிளான்.

புதுசா போறவங்களுக்கு ஒரு விஷயம் சொல்லிடறேன். ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏற்காடு போகாது, ஈரோடுதான் போகும். பொழுது விடியறதுக்கு முன்னாடி சேலத்துல நாம இறங்கிடணும். ஊட்டிக்கு 1908லயே மலை ரயில் போய்ச் சேர்ந்துடுச்சு. ஏற்காட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. 1861ல் சேலத்துக்கு வந்த ரயில் பாதை, சேர்வராயன் மலையோட அடிவாரத்தை ஒட்டி வளைஞ்சு போகுதே தவிர மேல ஏறல. அதனால சேலத்துல இறங்கி பஸ் பிடிக்கணும். 20 கொண்டை ஊசி வளைவு. என் நண்பனுக்கு ஏழாவது வளைவுலயே முகம் மாறிடுச்சு.

அவன் கண்ணை மூடி உக்காந்திருந்த நேரத்துல நான் போன்ல ஏற்காட்டு வரலாறு தேடினேன். பல டிராவல் பக்கங்கள்ல ஒரே வரி: மெட்ராஸ் கவர்னர் சர் தாமஸ் மன்றோ 1842ல் ஏற்காட்டைக் கண்டுபிடித்தார்.

எனக்கு அந்த வருஷம் இடிச்சது. மன்றோ 1827 ஜூலைல, இன்றைய ஆந்திராவின் பத்திகொண்டாவில் காலரா வந்து இறந்துபோனவர். அப்புறம் 15 வருஷம் கழிச்சு எப்படி மலை ஏறினார்? ஒரு பக்கத்துல வந்த தப்பை அடுத்த பக்கம் காப்பி-பேஸ்ட் பண்ணி, யாரும் செக் பண்ணாமலே போயிருக்காங்க. நம்ம கோட்ல நடக்கிறதுதான், வரலாற்றுலயும் நடக்குது.

சரி, மன்றோவுக்கும் இந்தப் பகுதிக்கும் சம்பந்தமே இல்லையான்னு கேட்டா, இருக்கு. 1792ல் திப்பு சுல்தான் போட்ட உடன்படிக்கையில் சேலமும் பாராமகாலும் கம்பெனி கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீட் தலைமையில் இந்தப் பகுதியை அளந்து வரி போட்ட இளம் அதிகாரிகள்ல மன்றோவும் ஒருத்தர். 1799 வரை இங்கேதான் இருந்தார். அப்புறம் 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன், மலை மேல காபியும் பழ மரங்களும் கொண்டுவந்தார். அவரை 'ஏற்காட்டின் தந்தை'ன்னே சொல்வாங்க. ஆக, 1842க்கு ரொம்ப முன்னாடியே வெள்ளைக்காரங்க மேல தோட்டம் போட்டாச்சு.

ஆனா வருஷத்தைத் திருத்திட்டா மட்டும் இந்தத் தப்பு சரியாகிடாதுன்னு அன்னிக்கு நடந்தப்போதான் புரிஞ்சது. நிஜமான பிழை 1842ல இல்ல, 'கண்டுபிடித்தார்'ங்கிற வார்த்தைல இருக்கு.

ஏரிக்கரையில இட்லி சாப்பிட்டுட்டு நாங்க முதல்ல போனது ஹோலி டிரினிட்டி சர்ச். அங்கே ராபர்ட் புரூஸ் ஃபுட் நினைவாக ஒரு சின்னம் இருக்கு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ஆங்கிலேயர். 1863 மே 30 அன்னிக்குப் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். ஆமா, நாம தினமும் எலெக்ட்ரிக் டிரெயின்ல கடந்து போற அதே பல்லாவரம்தான்! இந்தியாவில் பழைய கற்காலம்னு ஒண்ணு இருந்ததுன்னு உலகத்துக்குச் சொன்ன கல் அது. அதே வருஷம் அத்திரம்பாக்கத்திலும் கருவிகள் கிடைச்சது. அங்கே மண்ணுக்கடியில் கிடைக்கிற கருவிகள் 10 லட்சம் வருஷத்துக்கும் மேல பழசுன்னு 2011ல் வெளியான ஆய்வு சொல்லுது.

அந்த ஃபுட் கடைசிக் காலத்துல குடியிருந்த ஊர் ஏற்காடு. 1912ல் கல்கத்தாவில் இறந்தப்போ அவர் சாம்பல் இங்கே கொண்டுவரப்பட்டது. இந்த மலையிலும் அவர் கல் தேடினார். கிடைச்சது எங்கே தெரியுமா? மலைக் கிராமங்களின் சின்னச் சின்னக் கோயில்கள்ல, பிள்ளையாருக்குப் பக்கத்துல. வழவழன்னு தேய்ச்சு வச்ச புதிய கற்காலக் கோடரிகள். குறைஞ்சது 3,000 வருஷத்துக்கு முன்னாடி யாரோ மரம் வெட்டவும் காடு திருத்தவும் செஞ்சுக்கிட்ட கருவி. அதைப் பின்னாடி வந்தவங்க மண்ணுல கண்டெடுத்து, இது சாதாரணக் கல் இல்லன்னு உணர்ந்து, சாமிகிட்ட வச்சிருக்காங்க.

ஃபுட்டுக்கு முன்னாடியே அந்தக் கல்லைக் 'கண்டுபிடிச்சது' அவங்கதான், இல்லையா?

அவங்கன்னா மலையாளிகள். கேரளாக்காரங்க இல்ல, மலையை ஆளுறவங்கன்னு பொருள். 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுப் பழங்குடிகள்ல ஆகப் பெரிய குழு, ஏறத்தாழ மூன்றரை லட்சம் பேர். காஞ்சிபுரத்துலிருந்து கிளம்பின அண்ணன் தம்பி மூணு பேர் சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலைன்னு பிரிஞ்சு குடியேறின கதையை இன்னும் சொல்றாங்க.

சர்ச்சுலிருந்து காபித் தோட்டங்கள் நடுவுல நடந்தோம். சில்வர் ஓக் நிழல், அதுல படர்ந்த மிளகுக் கொடி. காபி எத்தியோப்பியாவுலிருந்து அரேபியா வழியா வந்தது. சில்வர் ஓக் ஆஸ்திரேலியா மரம். நாம 'ஏற்காடு'ன்னு போட்டோ எடுக்கிற காட்சியில பாதி இந்த 200 வருஷத்துல வந்தது. அதைத் தாண்டி ஏறினா 1,600 மீட்டருக்கு மேல சேர்வராயன் கோயில். கோபுரம் எதுவும் பெருசா கிடையாது. குனிஞ்சு உள்ள போகணும், அது ஒரு குகை. சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்காங்க. வருஷா வருஷம் மே மாசத் திருவிழாவுக்குச் சுத்துப்பட்டுக் கிராமங்கள் எல்லாம் வந்து சேரும்.

அங்கிருந்து கரடியூர் பக்கம் இறங்கினோம். மேப்ல ரோடு ஒரு பக்கம் சுத்திக்கிட்டுப் போச்சு. டீக்கடையில இருந்த ஒரு பெரியவர், "அது எதுக்குத் தம்பி? அந்தப் பாறையை ஒட்டி வழி இருக்கு, நேரா போங்க"ன்னார். எந்த மேப்லயும் அந்த வழி இல்ல. ஆனா கால் பட்டுப் பட்டுப் பாறையே தேஞ்சிருந்தது. "எவ்வளவு நாளா இருக்குங்க இந்த வழி?"ன்னு கேட்டேன். சிரிச்சிட்டுச் சொன்னார்: "ஊரு இருக்குற நாளா இருக்கு."

கரடியூர் காட்சிமுனையில நின்னப்போ சரிவு முழுக்க மஞ்சள் வெயில். என் நண்பன் கேட்டான், "அப்போ ஏற்காட்டைக் கண்டுபிடிச்சது யாருன்னுதான் எபிசோட்ல சொல்லப்போற?" யாரும் கண்டுபிடிக்கல. அது தொலைஞ்சு போகவே இல்ல. வந்தவங்க அளந்தாங்க, பேர் எழுதினாங்க, தோட்டம் போட்டாங்க. எழுதினவங்க பேர்தான் நம்ம கைக்கு வந்தது. நடந்தவங்க பேர் வரல. அவங்க விட்டுட்டுப் போனது தேஞ்ச பாறையும் தேய்ச்ச கல்லும்தான்.

ஃபுட் சேகரிச்ச கற்கள் சென்னை எழும்பூர் மியூசியத்துக்குப் போச்சு. சேர்வராயன் மலைக் கோடரிகளும் அந்தத் தொகுப்புல உண்டு. மலையில சாமிகிட்ட இருந்த மாதிரிக் கல், இங்க நம்பர் ஒட்டின மாதிரிப் பொருள். ரெண்டுமே அதைப் பத்திரப்படுத்துற வழிதான். ஆனா ஒண்ணை 'ஆராய்ச்சி'ன்னும் இன்னொண்ணை 'மூடநம்பிக்கை'ன்னும் நாம பட்டுன்னு பிரிச்சிடறோமேங்கிறதுதான் என் உறுத்தல்.

நீங்களும் போங்க. சாயங்காலம் கடைசி பஸ் எப்போன்னு காலையிலயே கேட்டு வச்சுக்கோங்க. தோட்டத்துக்குள்ள போகணும்னா அனுமதி கேளுங்க. கோயில் பக்கத்துல வித்தியாசமா ஒரு கல் தெரிஞ்சா, கும்பிடுங்க இல்லன்னா பாருங்க. பையில மட்டும் போட்டுக்காதீங்க.

திங்கட்கிழமை காலையில வேலைக்குப் போற வழியில ரயில் பல்லாவரத்துல நின்னுச்சு. முதல் தடவையா போனை உள்ள வச்சிட்டு ஜன்னல் வழியா பார்த்தேன்.