பெயரிடத் தயங்கிய இசை

1960ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 'ஸ்கெட்சஸ் ஆஃப் ஸ்பெயின்' என்னும் இசைத்தட்டு வெளிவந்தது. கறுப்பினக் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் டிரம்பெட் ஊத, கில் எவன்ஸ் ஸ்பானிய இசையைப் பல கருவிகள் அடங்கிய ஜாஸ் குழுவுக்கு ஏற்ப அமைத்தார். பார்வையிழந்த இசைமேதை ஹோவாக்கின் ரோத்ரிகோ 1939இல் கித்தாருக்காக எழுதிய படைப்பின் மெதுநடைப் பகுதியே அதன் தொடக்கம். புனித வாரப் பவனியில் சுரூபம் வீதியில் வரும்போது, மேல்மாடத்திலிருந்து ஒருவர் தனிக்குரலில் பாடும் 'சயேத்தா' என்ற புலம்பலும் அதில் உண்டு. அப்புலம்பலில் மனிதக் குரலின் இடத்தை டிரம்பெட் எடுத்துக் கொண்டது. ஒலிப்பதிவு நடந்த கூடமும் முன்னர் ஆலயமாக இருந்த கட்டடமே.

பிறர் மண்ணில் பிறந்த இசையை எடுத்தாளும் உரிமை ஒரு கலைஞனுக்கு எங்கிருந்து வருகிறது? இக்கேள்வி தமிழ்நாட்டிலும் எழுந்தது. 1986இல் இளையராஜா 'ஹவ் டு நேம் இட்' என்னும் கருவியிசைத் தொகுப்பை வெளியிட்டார். திருவையாற்றுத் தியாகராஜருக்கும், ஜெர்மானியரான யோகான் செபஸ்தியான் பாக்குக்கும் அதனைக் காணிக்கையாக்கினார். இதற்கு எப்படிப் பெயரிடுவது என்று தலைப்பே வினவியது.

இவ்வுறவு நமக்குப் புதிதன்று. முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) ஆங்கிலேயரின் பேண்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருத வரிகள் புனைந்தார். அவை 'நோட்டு ஸ்வரங்கள்' எனப்படுகின்றன. அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் வயலின் கற்று, அதனைக் கர்நாடக இசைக்குள் கொணர்ந்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரியை நினைத்துப் பார்ப்பதே அரிது. ஆயினும் கருவியை ஏற்பது வேறு. பல குரல்கள் ஒருங்கே நடக்கும் இசைமுறையையே ஏற்பது வேறு.

நம் இராகம் ஒற்றைக் குரலின் பயணம். அதன் உயிர் கமகத்தில் உள்ளது. சுரம் அசைந்தும் குழைந்தும் வரும். பாக்கின் முறையிலோ, பல மெட்டுகள் ஒரே நேரத்தில் தனித்தனியே செல்கின்றன. அவை ஒன்றோடொன்று இசைந்து ஒலிக்க, சுரங்கள் அசையாது நிற்க வேண்டும். ஆகவே ஒன்றைக் காக்கப் போனால் மற்றது சிதையும்.

ஜலகண்டாபுரத்தில் தறியருகே நிற்பவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. பாவு இழுத்துக் கட்டப்பட்டு நேராக நிற்கிறது. ஊடை அதனுள் புகுந்து ஓடுகிறது. பாவும் அசைந்தால் துணி இல்லை. இத்தொகுப்பிலும் தந்திக் கருவிகளின் கூட்டம் பாவாக நிற்க, வி. எஸ். நரசிம்மனின் வயலின் ஊடையாகக் குழைந்து செல்கிறது. 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்னும் பகுதியில், பாக் தனி வயலினுக்கென எழுதி, 1720ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படியில் உள்ள முன்னிசை ஒன்றையே எடுத்து, அதனோடு தம் இசையைப் பின்னுகிறார் இளையராஜா. பாக்கைத் தம் வீட்டில் சந்தித்ததாக அவர் தலைப்பிட்டது பொருள் நிறைந்தது. விருந்தினரின் முகத்தை மறைக்காமலும், வீட்டுக்காரர் தம் முகத்தை இழக்காமலும் நிகழ்ந்த சந்திப்பு அது.

இவ்வுரிமை அவருக்கு எளிதில் வாய்க்கவில்லை. பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகச் சென்று பாடியவர், சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசையை முறையாகப் பயின்றார். முதலில் உழைப்பு, பின்னர் கடனை ஒப்புக்கொள்ளும் பணிவு. கடன்பட்ட இருவரின் பெயர்களையும் காணிக்கையில் வெளிப்படையாகச் சொன்னதே அதற்குச் சான்று. பாக்கும் தம் ஆலய இசைப் பிரதிகள் பலவற்றின் இறுதியில், மகிமை இறைவனுக்கே எனப் பொருள்படும் மூன்று இலத்தீன் எழுத்துகளைப் பொறித்தவரன்றோ!

இன்று நம் பாடகர் குழுக்களில் கீபோர்டின் பொத்தானை அழுத்தினால் எந்த நாட்டுத் தாளமும் கிடைக்கிறது. அதனை நம் பாட்டின்மேல் போர்த்திவிட்டுப் புதுமை என்கிறோம். அயல் இசை கூடாது என்று கதவடைக்கும் பெரியவர்களும் உண்டு. அவர்கள் விரும்பும் வயலினும் ஆர்மோனியமும் அயலிலிருந்து வந்தவையே. வந்த வழியைப் பார்த்து ஓர் இசையை விலக்க வேண்டியதில்லை. அதனைக் கற்க நாம் எத்தனை நாள் செலவிட்டோம், யாரிடம் பெற்றோம் என்று சொல்லத் துணிவு உண்டா என்பவையே கேட்கத் தக்கவை. அடுத்த திருவிழாவுக்குப் பாடல் தேர்ந்தெடுக்கும் இளைஞர்கள், அதற்கு முன் இத்தொகுப்பை ஒருமுறை அமைதியாக அமர்ந்து கேட்பார்களாக.