மலையில் பிறக்கும் வெங்காற்று

மலை என்பது காற்றைத் தடுக்கும் மதில் என்றே பொதுவாக எண்ணுகிறோம். அம்மலையே கடுங்காற்றைப் பிறப்பிக்கவும் கூடும் என்பதை உலகம் உணர்ந்துகொண்ட வரலாறு, துயரமும் வியப்பும் கலந்தது.

ஸ்விட்ஸர்லாந்தில், ஆல்ப்ஸ் மலையின் வடபுறத்தே, லிந்த் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கிளாரஸ் என்னும் ஊர் இருக்கிறது. தெற்கே பனி மூடிய சிகரங்கள். சில நாட்களில் அத்திசையிலிருந்தே வெப்பமும் வறட்சியும் மிக்க சூறைக்காற்று இறங்கி வரும். ‘ஃபான்’ என்பது அதன் பெயர். அது பனியை விரைவில் உருக்கும். மர வீடுகளைச் சருகுபோல் உலர்த்தும். 1861 மே 10ஆம் தேதி இரவு ஊரில் தீப்பற்றியபோது அக்காற்று வீசிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ 600 கட்டடங்கள், அதாவது ஊரில் மூன்றில் இரு பங்கு, சாம்பலாயின. பின்னர் அகன்ற நேர்த்தெருக்களோடு ஊரைப் புதிதாக அமைத்தார்கள்.

பனிமலையிலிருந்து அனல் வருவது எங்ஙனம்? சஹாராப் பாலைவனமே அதன் பிறப்பிடம் என்றனர் சுவிஸ் அறிஞர் சிலர். மேற்கிந்தியத் தீவுகளை ஒட்டிய கடற்பரப்பிலிருந்து வருவது என்றார் பெர்லின் அறிஞர் டோவே. 1866இல் ஆஸ்திரிய விஞ்ஞானி ஜூலியஸ் ஹான் இவ்வழக்கைத் தீர்த்தார். பனிக்கட்டி போர்த்த கிரீன்லாந்திலும் இத்தகைய வெங்காற்று வீசுவதை அவர் சுட்டிக்காட்டினார். அங்கே பாலைவனம் ஏது?

அவர் தந்த விளக்கம் எளியது. உயரத்திலிருந்து இறங்கும் காற்று அழுத்தத்தால் சுருங்குகிறது; சுருங்கும் காற்று சூடேறுகிறது. ஒவ்வொரு 100 மீட்டர் இறக்கத்துக்கும் ஏறத்தாழ ஒரு டிகிரி வெப்பம் கூடுகிறது. மலையின் மறுபுறத்தில் மழை பொழிந்துவிட்டு வரும் காற்றாயின் வெப்பம் இன்னும் மிகும்; நீராவி மழையாகும்போது வெளிப்படும் வெப்பம் காற்றிலேயே தங்கிவிடுகிறதன்றோ? இருபுறத்துக்கும் இடையே காற்றழுத்த வேறுபாடு மிகுந்தால் வேகமும் மிகும். அவ்வேறுபாட்டை அளந்தே இன்று ஃபான் வருவதை முன்னறிவிக்கிறார்கள்.

மலை காற்றை வலுப்படுத்தும் வழி இஃது ஒன்றன்று. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே உள்ள பாலக்காட்டுக் கணவாயை ரயிலில் கடந்த நேயர்கள் பலர் இருப்பீர்கள். மலைத்தொடரால் தடுக்கப்பட்ட தென்மேற்குக் காற்று, ஆனி ஆடி மாதங்களில் அவ்விடைவெளியில் நெருங்கி, வேகம் கொண்டு கொங்கு நாட்டில் பாய்கிறது. உடுமலைப்பேட்டைப் பக்கத்துக் காற்றாலைகளை இன்று சுழற்றுவது அக்காற்றே. கிளாரஸில் தீயை வளர்த்ததும் காற்றுத்தான். இங்கே விளக்கேற்றுவதும் காற்றுத்தான். அதன் பிறப்பை அறிந்தவர்க்கே அதனிடமிருந்து காத்துக்கொள்ளவும், அதனைப் பயன்கொள்ளவும் இயலும்.