‘எல்’லும் ‘பி’யும் பிறந்த கதை

ஈப்போவிலிருந்து தெற்கே கோப்பெங் போகும் பழைய முதலாம் எண் கூட்டரசு சாலையும், கேமரன் மலைக்கு ஏறும் 185-ஆம் எண் சாலையும் சந்திக்கும் இடம் சிம்பாங் பூலாய். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையின் டோல் சாவடியும் பக்கத்திலேயே. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள், மலையிலிருந்து காய்கறி இறக்கி வரும் லாரிகள், வேலைக்கு ஓடும் கார்கள், இவற்றுக்கு நடுவே கப்ச்சாய் மோட்டார் சைக்கிளில் பள்ளிப் பிள்ளைகள். பின்னிருக்கையில் தம்பியோ கூட்டாளியோ இருப்பான். தலைக்கவசம் சில தலைகளில் இருக்கும், சில வண்டிகளில் கண்ணாடிக் கைப்பிடியில் தொங்கும்.

முறைப்படி ஓட்டக் கற்பவருக்கு நம் நாட்டில் இரண்டு எழுத்துகள் உண்டு. பழகும்போது ‘எல்’. தேர்வில் தேறிய பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு ‘பி’. கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும் இந்த ஒட்டிகளுக்குப் பின்னால் பல நாடுகளின் அனுபவம் இருக்கிறது.

முதலில் பிறந்தது ‘எல்’. அதற்கு முன் லைசென்ஸ் இருந்தது, தேர்வுதான் இல்லை. பிரிட்டனில் 1903-இல் வந்த மோட்டார் கார் சட்டப்படி ஐந்து ஷில்லிங் கட்டினால் லைசென்ஸ் கைக்கு வந்துவிடும். ஓட்டத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. வயதை மட்டும் பார்த்தார்கள்: காருக்கு 17, மோட்டார் சைக்கிளுக்கு 14. பதினான்கு வயதுக்கு மோட்டார் சைக்கிள் ஆகாது என்று புரிய 27 ஆண்டுகள் பிடித்தன. 1930-இல்தான் அதை 16 ஆக்கினார்கள். இன்று மலேசியாவில் இருப்பதும் அதே இரண்டு எண்கள்தான்: மோட்டார் சைக்கிளுக்கு 16, காருக்கு 17.

1934-இல் பிரிட்டன் சாலைகளில் இறந்தவர்கள் 7,343 பேர். அன்று அங்கே ஓடிய வண்டிகள் சுமார் 25 லட்சம்தான். அந்த ஆண்டே சட்டம் வந்தது. 1935 ஜூன் 1 முதல் புதிதாக ஓட்ட வருகிறவர்கள் தேர்வில் தேறியே ஆகவேண்டும், தேறும்வரை வண்டியில் வெள்ளைப் பலகையில் சிவப்பு ‘எல்’ மாட்டியே ஆகவேண்டும் என்றார்கள். தேர்வு மையம் என்று தனியாக எதுவும் கிடையாது. ரயில் நிலைய வாசலிலோ பூங்கா ஓரத்திலோ அதிகாரி காத்திருப்பார். பழகுநர் அங்கே வண்டியோடு போய்ச் சேர வேண்டும். காலனிகளுக்குக் கப்பலேறிய பிரிட்டிஷ் வழக்கங்களோடு இந்த ‘எல்’லும் மலாயாவுக்கு வந்தது.

ஓட்டுவதைப் பள்ளிக்கூடப் பாடமாக்கிய யோசனை அமெரிக்காவில் பிறந்தது. பென்சில்வேனியா மாநிலத்தில் ஸ்டேட் காலேஜ் என்ற ஊர். அங்கே பல்கலைக்கழகத்தில் தொழிற்பொறியியல் கற்பித்த ஏமஸ் நெய்ஹார்ட், 1930களின் நடுவில் உள்ளூர் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஓட்டும் பாடம் நடத்தினார். அவர் சொல்லிக்கொடுத்தது தன் சொந்த கிரஹாம்-பேஜ் காரில். அதுவரை அப்பாவோ அண்ணனோ கற்றுக்கொடுத்த வேலை அது. அவர்களின் கெட்ட பழக்கங்களும் சேர்ந்தே பிள்ளைக்கு இறங்கும் என்பதால், ஆசிரியரிடம் கற்கட்டும் என்றார். யோசனை பரவியது. பள்ளியில் இந்தப் பாடம் படித்த பையனுக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு தரும் அளவுக்கு நம்பிக்கை வளர்ந்தது.

அந்த நம்பிக்கையை ஒரு ஆய்வு உலுக்கியது. ஜார்ஜியா மாநிலத்தின் டிகால்ப் வட்டாரத்தில், 1970களின் கடைசியில் தொடங்கி, சுமார் 16,000 பள்ளி மாணவர்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு நீண்ட, விரிவான பயிற்சி. இன்னொரு பிரிவுக்குத் தேர்வில் தேறும் அளவு மட்டும். மூன்றாவதற்குப் பள்ளியில் பயிற்சியே இல்லை. வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தபோது, நீண்ட பயிற்சி பெற்றவர்களிடம் விபத்து நிலையாகக் குறையவில்லை. பயிற்சி கிடைத்தவர்கள் முந்திக்கொண்டு லைசென்ஸ் எடுத்ததால் சின்ன வயதிலேயே சாலைக்கு வந்ததும் அதற்கு ஒரு காரணம்.

‘அப்படியானால் பயிற்சி வீண்’ என்று இதற்குப் பொருள் சொல்பவர்கள் உண்டு. அது அவசர முடிவு. கியர் மாற்றவும் பிரேக் பிடிக்கவும் பதினாறு வயதுப் பையன் ஒரு வாரத்தில் கற்றுவிடுவான். எதிரே வரும் லாரிக்கு எவ்வளவு தூரம் இருக்கிறது என்று கணிப்பதும், பின்னால் உட்கார்ந்து ‘முறுக்குடா’ என்று கத்தும் கூட்டாளியை மதிக்காமல் இருப்பதும் வகுப்பறையில் வராது. அவை காலத்தில் வரும். அந்தக் காலத்தை ஆபத்தில்லாமல் கடத்துவது எப்படி என்பதே உண்மையான கேள்வி.

அதற்கு விடையாகப் படிப்படியான உரிமம் பிறந்தது. ஆஸ்திரேலிய மாநிலங்கள் 1960களிலேயே புதியவர்களுக்கு ‘பி’ பலகை கொடுத்திருந்தன. நியூசிலாந்து 1987 ஆகஸ்டில் அதை முழு ஏணியாக்கியது. முதல் படியில் பழகுநர். இரண்டாம் படியில் தனியாக ஓட்டலாம். ஆனால் இரவு 10 மணி முதல் காலை 5 மணிவரை கூடாது, கூட்டாளிகளை ஏற்றக் கூடாது. மூன்றாம் படியில்தான் முழு உரிமம். பிறகு அமெரிக்க மாநிலங்களும் ஒவ்வொன்றாக இந்த ஏணியை எடுத்துக்கொண்டன. இளம் ஓட்டுநர் விபத்துகளைக் குறைத்தது இதுதான் என்று பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

இனி நம் கதை. கிந்தா பள்ளத்தாக்கில் தோட்டத்துப் பிள்ளை மோட்டார் சைக்கிள் கற்ற இடம் லயத்துக்கும் பால்மரக் காட்டுக்கும் இடையில் ஓடிய செம்மண் பாதை. பால் வாளி கட்டிப்போன அப்பாவின் வண்டியை மாலையில் எடுத்துச் சுற்றுவான். எதிரே வருவது மாடும் சைக்கிளும்தான். விழுந்தால் முட்டி தேயும், அவ்வளவே. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. 1985-இல் ஈய விலை சரிந்ததும் கிந்தாவின் லம்பங்களும் ஓய்ந்தன. சனங்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். வேலையும் இடைநிலைப் பள்ளியும் தூரமாயின, பேருந்தோ எப்போதாவதுதான் வந்தது. கப்ச்சாய் வீட்டுக்கு ஒன்று, இரண்டு என்று ஆனது. செம்மண் பாதையில் கற்ற பழக்கம் அப்படியே லாரி ஓடும் பெருஞ்சாலைக்கு வந்தது.

அரசாங்கம் விதிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தது. 1973-இல் மோட்டார் சைக்கிளோட்டிகளுக்குத் தலைக்கவச விதி. 1987-இல் சாலைப் போக்குவரத்துச் சட்டம். 1992-இல் மோட்டார் சைக்கிள் பகலிலும் முன்விளக்கு எரிய ஓடவேண்டும் என்ற கட்டாயம். ஓட்டுநர் கல்விக்கு ஒரே பாடத்திட்டம் வந்ததும் அதே 1992-இல்தான், ‘கே.பி.பி.’ என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். அண்ணன் கற்றுக்கொடுத்துத் தேர்வுக்கு அழைத்துப்போன காலம் முடிந்தது. வாகனமோட்டும் பள்ளியில் வகுப்பு, பிறகு திடல், பிறகு சாலை என்று வரிசை வந்தது. 2014-இல் பாடத்திட்டத்தைப் புதுப்பித்தபோது வகுப்பு ஆறு மணி நேரம் ஆனது. கணினித் தேர்வில் 50 கேள்விக்கு 42 சரியாக இருந்தால் தேர்ச்சி. தமிழிலும் எழுதலாம்.

திடலில் மோட்டார் சைக்கிள் பழகுநரைத் திணற வைப்பது ‘தித்தி’ என்னும் ஒடுங்கிய பாலம். முதல் கியர் போட்டு, கிளட்ச் பிடி இல்லாத கப்ச்சாயின் வேகத்தைப் பின் பிரேக்கால் பிடித்து, கால் ஊன்றாமல், சக்கரம் ஓரம் தப்பாமல் மெதுவாகக் கடக்க வேண்டும். தோட்டத்தில் பறந்த பையன்கள் இதில்தான் தடுமாறுவார்கள். வேகமாக ஓட்ட யாராலும் முடியும்; மெதுவாக ஓட்டுவதற்குத்தான் கட்டுப்பாடு வேண்டும். இந்தத் திடலையே மிதிக்காமல் காசு கொடுத்து வாங்கும் ‘பறக்கும் லைசென்ஸ்’ என்ற கேடும் நாடறிந்ததே. அப்படி வாங்கியவரிடம் அட்டை இருக்கும், அந்தக் கட்டுப்பாடு இருக்காது.

தேறியதும் சிவப்பில் வெள்ளை எழுத்தோடு ‘பி’. இரண்டு ஆண்டுக்குள் 20 கெஜாரா குற்றப் புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் பறிபோகும். ஆனால் நியூசிலாந்தின் ஏணியில் இருந்த முக்கியமான இரண்டு கட்டுகள் இங்கே வரவில்லை. நம் ‘பி’க்கு இரவுத் தடை கிடையாது, கூட்டாளியை ஏற்றவும் தடை கிடையாது. எழுத்தை வாங்கிக்கொண்டோம், அதன் உயிரை விட்டுவிட்டோம் என்றே சொல்லத் தோன்றுகிறது. 2016-இல் மட்டும் மலேசியச் சாலைகளில் 7,152 பேர் மாண்டார்கள். ஆண்டுதோறும் இப்படி மாள்பவர்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள்.

சட்டம் சேர்க்காததை வீடு சேர்க்கலாம். பதினாறு வயது ஆகும்வரை சாவியைக் கொடுக்காதீர்கள். லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டி கொடுத்தவரும் சட்டத்தின் முன் குற்றவாளிதான், விபத்தென்றால் காப்புறுதியும் கைவிரிக்கும். வயது வந்ததும் தாமதிக்காமல் வாகனமோட்டும் பள்ளியில் சேர்த்துவிடுங்கள். கட்டணம் சுமையென்றால், வசதி குறைந்த குடும்பத்து இளைஞர்களுக்காக சாலைப் போக்குவரத்து இலாகா நடத்தும் மைலெசென் திட்டத்தைப் பற்றி விசாரியுங்கள். ‘பி’ ஒட்டியிருக்கும் இரண்டு ஆண்டும் இரவு பத்துக்கு மேல் வண்டி வெளியே போகாது, கூட்டாளியை ஏற்றக் கூடாது என்று வீட்டில் ஒரு விதி வையுங்கள். பிள்ளை முணுமுணுப்பான். முணுமுணுக்கட்டும்.