இனிப்பை இடுவது யார்? – றாஸ்பெரி பியரின் கதை

றாஸ்பெரி எமது மொழியில் பெயர் இல்லாத பழம். பிரான்சில் வளரும் எம் பிள்ளைகள் அதனை ஃப்ராம்புவாஸ் என்கிறார்கள். யேர்மனியில் வளர்பவர்களுக்கு அது ஹிம்பேர. ஊரிலிருந்து வந்த எமக்கோ, முதலில் யோகட் கிண்ணத்தின் மேல் அச்சிட்ட படமாகத்தான் அது அறிமுகமாயிற்று. அந்தப் பழத்தைப் போட்டுப் பியரும் செய்கிறார்கள் என்று சொன்னால் எம்மவரில் பலர் சிரிப்பார்கள். பியர் என்றால் கசக்கவேண்டும், பழரசம் என்றால் இனிக்கவேண்டும், இது என்ன இரண்டுங்கெட்டான் என்பதே வழக்கமான தீர்ப்பு. ஆனால் பழைய முறைப்படி செய்த றாஸ்பெரி பியர் இனிப்பதில்லை. அது நன்றாகவே புளிக்கும். அந்தப் புளிப்பு எப்படி வந்தது, பின்னர் அதன்மேல் இனிப்பை ஏற்றியவர் யார் என்ற கேள்விக்குள் ஐரோப்பாவின் ஒரு சிறு வரலாறு அடங்கியிருக்கிறது. (குடி எத்தனை வீடுகளைக் குலைத்திருக்கிறது என்பதை அறியாதவர்கள் அல்ல நாம். இங்கு பேசுவது நாவைப் பற்றியும் கைப்பணியைப் பற்றியும்தான்.)

யேர்மனியிலிருந்து தொடங்குவோம். 1516 ஏப்ரல் 23 அன்று பவேரியாவின் கோமகன்கள் இருவர் இங்கோல்ஸ்டாட் நகரில் ஒரு கட்டளை பிறப்பித்தனர். பியருக்குள் பார்லி, ஹொப்ஸ், தண்ணீர் ஆகிய மூன்றைத் தவிர வேறெதுவும் சேர்க்கக்கூடாது என்பது அதன் சாரம். மதுவம் என்ற நுண்ணுயிர் அதில் குறிப்பிடப்படவே இல்லை. அப்படியொன்று இருப்பதே அன்று தெரியாது. 1906இல் இவ்விதி யேர்மன் பேரரசு முழுவதற்கும் விரிந்தது. வேறு விதிகளின்படி செய்த அயல்நாட்டுப் பியரை இதைக் காட்டித் தடுக்க முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1987இல்தான்.

இத்தகைய நாட்டின் தலைநகரில்தான் பேர்லினர் வைஸ என்ற புளித்த கோதுமைப் பியர் சிவப்பு நிறத்தில் பரிமாறப்படுகிறது. வடிசாலைக்குள் பழத்துக்கு இடமில்லை. ஆனால் மதுச்சாலையில், குடிப்பவரின் கிளாசுக்குள், றாஸ்பெரிப் பாகு ஊற்றுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. புளிப்பு வடிப்பவருடையது, இனிப்பு குடிப்பவருடையது என்ற இந்த வேலைப்பிரிவினையை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி பெல்ஜியத்துக்கு வருவோம். பிரசல்ஸ் நகரிலும் அதன் தென்மேற்கே பயோட்டன்லாந்து எனப்படும் கிராமப்புறத்திலும் லாம்பிக் என்றொரு பியர் உண்டு. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு முளைக்கவைத்து உலர்த்திய பார்லி, மூன்றில் ஒரு பங்கு முளைக்காத கோதுமை. இவற்றுடன் ஆண்டுக்கணக்கில் வைத்துப் பழையதாக்கிய ஹொப்ஸைச் சேர்த்துக் காய்ச்சுவார்கள். இங்கு ஹொப்ஸ் கசப்புக்காக அல்ல, கெடாமல் காப்பதற்காக. கொதித்த நீரை ஆழமில்லாத அகன்ற தொட்டியில் ஊற்றி இரவு முழுவதும் திறந்தே வைப்பார்கள். குளிர்காற்றிலும் கட்டடத்தின் மரங்களிலும் வாழும் நுண்ணுயிர்கள் அதில் வந்து குடியேறும். மறுநாள் அது மரப்பீப்பாக்களுக்குப் போகும். அங்கே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை தானே நொதிக்கும். கோடையில் கெட்ட நுண்ணுயிர்கள் பெருகும் என்பதால், குளிர்மாதங்களில் மட்டுமே காய்ச்சுவார்கள்.

இதை வாசிக்கும் யாழ்ப்பாணத்தவருக்கு முட்டி நினைவுக்கு வராமல் போகாது. பாளையிலிருந்து சொட்டும் பனஞ்சாற்றுக்கும் எவரும் மதுவம் இடுவதில்லை. சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறங்கினால் கருப்பநீர், தடவாத முட்டியில் இறங்கினால் கள்ளு. லாம்பிக் ஆண்டுக்கணக்கில் செய்வதைக் கள்ளு ஒருநாளுக்குள் செய்துவிடுகிறது. ஆனால் இரண்டையும் புளிக்கவைப்பது அந்தந்த இடத்தின் காணாத உயிர்களே.

19ஆம் நூற்றாண்டின் விஞ்ஞானம் இந்தப் புளிப்பை நோய் என்று அழைத்தது. பியர் பற்றிய தமது நூலை 1876இல் வெளியிட்ட லூயி பாஸ்டர், பியரைப் புளிக்கச்செய்யும் பற்றீரியாக்களை அதன் பிணிகளாகவே விவரித்தார். 1883இல் கோப்பன்ஹேகனில், கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில், எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒரேயொரு கலத்திலிருந்து வளர்த்த தூய மதுவத்தைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். உலகமெங்கும் ஒரேமாதிரிச் சுவைக்கும் தெளிந்த பியர் அதன் பின்னரே சாத்தியமாயிற்று. லாம்பிக்கோ தூய்மைக்குள் அடங்க மறுத்தது. அதற்கு மணம் தரும் காட்டு மதுவங்களில் ஒன்றை 1921இல் ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தபோது, பிரசல்ஸ் நகரின் பெயரையே அதற்கு இட்டனர். பிரெற்றனோமைசிஸ் புருக்செல்லென்சிஸ் என்பது அதன் முழுப்பெயர்.

இத்தகைய பீப்பாவுக்குள் றாஸ்பெரி போனால் என்ன ஆகும்? பழத்தில் உள்ள சர்க்கரை முழுவதையும் மதுவங்கள் தின்றுவிடும். எஞ்சுவது பழத்தின் அமிலமும் நிறமும் விதையின் துவர்ப்பும் மணமும் மட்டுமே. பழம் இருக்கும், இனிப்பு இருக்காது. பிரசல்சின் ஆண்டர்லெக்ட் பகுதியில் 1900இல் தொடங்கிய கான்ரியோன் வடிசாலையில் 1909-1910 காலத்துக் கையிருப்பில் றாஸ்பெரி பியர்ப் போத்தல்கள் இருந்தன. பின்னர் அந்த வழக்கம் பல பத்தாண்டுகளுக்கு அறுந்துபோயிற்று. 1973இல் ஒரு மதுச்சாலைக்காரர் 150 கிலோ றாஸ்பெரியைக் கொண்டுவந்து கொடுத்ததிலிருந்தே அது அங்கு மறுபிறவி எடுத்தது. 1986இல் அதற்கு 'ரோசே த காம்ப்ரினுஸ்' என்று பெயரிட்டார்கள். ஒரு லீற்றருக்குச் சுமார் 200 கிராம் பழம் என்பது அவர்கள் கணக்கு. அங்கு சிலந்தி வலைகளைக்கூடக் கலைப்பதில்லை. பழத்துக்கு வரும் ஈக்களைச் சிலந்திகள் பார்த்துக்கொள்ளும்.

பழைய பிரசல்ஸ்வாசிகள் எல்லோரும் புளிப்பை அப்படியே விழுங்கினார்கள் என்று எண்ணிவிடக்கூடாது. மதுச்சாலைகளில் லாம்பிக்குடன் சர்க்கரைக் கட்டியும், அதைக் கிளாசுக்குள்ளேயே நசுக்க ஸ்டும்பர் என்ற சிறு உலோகக் கோலும் வைப்பார்கள். வேண்டியவர் வேண்டிய அளவு நசுக்கிக்கொள்வார். பேர்லினில் கண்ட அதே ஒழுங்குதான். ஆனால் சோடாப் பானங்களில் ஊறிய தலைமுறை வந்தபோது காட்சி மாறியது. புளித்த பியரை வாங்க ஆள் குறைந்தது. சிறிய வடிசாலைகள் ஒவ்வொன்றாக மூடின. எஞ்சியவற்றில் பல, நொதித்த லாம்பிக்குடன் பழச்சாறும் சர்க்கரையும் சேர்த்து, மறுபடி நொதிக்காதபடி வெப்பமூட்டிப் போத்தலில் அடைத்தன. ஸ்டும்பர் குடிப்பவரின் கையிலிருந்து போயிற்று. இனிப்பின் அளவைத் தொழிற்சாலை தீர்மானித்தது.

இதைத் துரோகம் என்று சொல்லிவிடுவது சுலபம். நாம் அப்படிச் சொல்லமாட்டோம். இனிப்புப் போத்தல்கள் ஏற்றுமதியாகித் தந்த பணத்தில்தான் சில குடும்பங்கள் தமது பழைய பீப்பாக்களையும் காப்பாற்றிக்கொண்டன. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. றாஸ்பெரி பியர் என்றால் இனிப்பு என்று உலகம் கற்றுக்கொண்டது. புளித்ததை முதன்முதலாகச் சுவைப்பவர் அது பழுதாகிவிட்டது என்று திருப்பிக்கொடுக்கும் நிலை வந்தது. 1997இல் ஐரோப்பிய ஒன்றியம் 'பழைய' என்ற அடைமொழியைச் சட்டப்படி காத்தது. 'ஔட' என்றோ 'வியேய்' என்றோ சிட்டையில் கண்டால் அது மரபு முறையில் செய்தது என்று கொள்ளலாம்.

அப்படியானால் ஒரு றாஸ்பெரி பியரை எப்படித் தீர்ப்பது? அமெரிக்காவில் 1985இல் தொடங்கிய பியர் நடுவர் சான்றளிப்புத் திட்டம் 50 புள்ளிகள் வைத்திருக்கிறது. மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, மொத்த மதிப்புக்கு 10. புள்ளிகளைவிட முக்கியமானது அதன் அடிப்படை விதி. பழ லாம்பிக் ஒரு வகுப்பு, சாதாரணப் பழ பியர் வேறொரு வகுப்பு. ஒன்றின் அளவுகோலால் மற்றதை அளக்கக்கூடாது.

நண்பர்களுடன் இரண்டு போத்தல்களை அருகருகே வைத்து நாமும் சோதித்தோம். முதலாவது அடர்சிவப்பு. திறந்தவுடன் ஜாம் மணம், நாவில் முதலில் இனிப்பு, பின்னரும் இனிப்பு, நடுவில் மெல்லியதொரு புளிப்பு. உணவின் முடிவில் சிறிதளவு பருக நல்லது. இரண்டாவது மங்கிய வெங்காயத்தோல் சிவப்பு. மணத்தில் பழத்துடன் ஈர வைக்கோலும் இருந்தது. ஐரோப்பிய நடுவர்கள் அதைக் குதிரைப் போர்வை என்பார்கள். எமக்கு மாட்டுக்கொட்டில் போதும். முதல் மிடறில் முகம் சுளித்தது. இரண்டாவதில் விதையின் துவர்ப்பும், தொண்டையில் சிறு காறலும். மூன்றாவதில்தான் பழம் தெரிந்தது. "இது பிளாவிலை குடிக்கவேண்டிய சாமான்" என்றார் எம்முடன் இருந்த மூத்தவர். அவர் தமக்குத் தெரிந்த அளவுகோலால் சரியாகவே அளந்தார். எமது தீர்ப்பும் இரண்டாவதின் பக்கமே. காரணம் அது பழமையானது என்பதல்ல. இனிப்பை இடவா வேண்டாமா என்ற முடிவை அது எம்மிடமே விட்டுவைத்திருந்தது.

இந்தக் கேள்வி பெல்ஜியத்தோடு முடிவதில்லை. இங்குள்ள எமது கடைகளில் போத்தல் கள்ளு கிடைக்கிறது. கடல் கடந்து வருவதற்காக வெப்பமூட்டி நொதித்தலை நிறுத்திய கள்ளு அது. அதைக் குடித்து, இதுதான் பனங்கள்ளு என்று எம் பிள்ளைகள் நினைத்தால் அது அவர்கள் பிழையல்ல. மரத்தடியில் நுரைத்த கள்ளின் புளிப்பை அறிந்த நாக்கு எமக்குப் பின்னர் இராது. அதை எழுதியாவது வைப்பது எம் பொறுப்பு.

பிரசல்சிலும் எல்லாம் நிலைத்துவிடவில்லை. 2015 நவம்பரில் இரவுகள் குளிராததால் கான்ரியோன் குடும்பத்தார் சில நாட்கள் காய்ச்சுவதையே கைவிட நேர்ந்தது. சர்க்கரையை மறுக்கலாம், சட்டத்தால் பெயரைக் காக்கலாம். ஆனால் ஒரு சுவை ஒரு இடத்தின் காற்றிலும் குளிரிலும் குடியிருக்கிறது. இடம் மாறினால் சுவைக்கு என்ன நேரும் என்பதை நாம் அறிவோம். இடத்தைவிட்டுப் போகாமலே அந்த இடம் தம் காலடியில் மாறுவதை அவர்கள் இப்போது அறியத் தொடங்கியிருக்கிறார்கள்.