புளோறன்ஸ் பேராலயக் குவிமாடம்: ஒரு கட்டடப் பணியின் படிநிலைகள்

பெருங் கட்டடமொன்றைக் காண்போர் அதன் முடிந்த வடிவையே காண்கின்றனர். அது கருத்தாய்த் தோன்றி, வரைவாய் உருப்பெற்று, அத்திவாரமாய் மண்ணிற் பதிந்து, சுவராய் எழுந்து, முடியாய் நிறைவுற்ற படிநிலைகளை அவர் எண்ணுவதில்லை. அப்படிநிலைகள் ஒவ்வொன்றுக்கும் உரிய அறிவு வேறு. உரிய பொறுப்பும் வேறு. இவ்வுண்மையைத் தெளிவுறக் காட்டுவது, இத்தாலி நாட்டுப் புளோறன்ஸ் நகரிலுள்ள சாந்தா மரியா டெல் பியோறே என்னும் பேராலயத்தின் வரலாறாகும்.

இப்பேராலயத்துக்கு 1296 ஆம் ஆண்டிற் கால்கோள் நிகழ்ந்தது. முதல் வரைவை வகுத்தவர் ஆர்னோல்போ டி கம்பியோ. அவர் மறைந்தபின் பணி தளர்ந்தது. பின்னர்க் கம்பளி வணிகர் சங்கம் மேற்பார்வையை ஏற்றது. 1334 இல் ஓவியர் ஜியோற்றோ தலைமைக் கலைஞராகி மணிக்கோபுரத்தைத் தொடங்கினார். 1348 இல் வந்த கொள்ளைநோய் நகர மக்களுட் பெரும் பகுதியினரை மாய்த்தது. எனினும் திட்டம் கைவிடப்பட்டிலது. 1367 இல் நேறி டி பியோறவாந்தி முதலியோர் வகுத்த புதிய மாதிரியுரு நகரத்தாரின் ஒப்புதலைப் பெற்றது. எண்கோணத் தளத்தின்மீது, வெளிப்புறத் தாங்கு வளைவுகள் எவையுமின்றி, மாபெருங் குவிமாடம் எழவேண்டும் என்பதே அதன் கருத்து. அம்மாதிரியினின்றும் பிறழோம் எனப் பணித் தலைவர்கள் ஆணையிட்டு உறுதி கூறினர்.

ஆயின் அதனைக் கட்டும் வழியை அன்று எவரும் அறிந்திலர். மூடவேண்டிய வெளியின் அகலம் ஏறக்குறைய 45 மீற்றர். அது நிலத்தினின்றும் 50 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் இருந்தது. வளைவு கட்டுவோர் முதலில் மரச்சட்டம் அமைத்து, அதன்மேற் கல்லடுக்கி, சாந்து இறுகியபின் சட்டத்தை நீக்குவது அக்கால வழக்கம். இவ்வளவு பெரிய வெளிக்கு ஏற்ற மரங்களைத் தேடுவதும் அரிது. தேடினும் அச்சட்டம் தன் பாரத்தையே தாங்குமோ என்பது ஐயம்.

1418 இல் இவ்வினாவுக்கு விடை வேண்டி 200 புளோரின் பரிசுடன் போட்டியொன்று அறிவிக்கப்பட்டது. பொற்கொல்லராய்ப் பயின்ற பிலிப்போ புறூனெலெஸ்கி, மரச்சட்டமின்றியே கட்டலாம் என்றார். நகரத்தார் உடனே நம்பினாரல்லர். 1420 இல் அவரையும், அவருக்குப் போட்டியாளராய் நின்ற லொறென்சோ கிபெர்டியையும் ஒருங்கே மேற்பார்வையாளராக்கினர். அவ்வாண்டு எழுதப்பட்ட பணிக் குறிப்பு நம் கருத்துக்கு உரியது. குவிமாடத்தின் அளவுகளை அது ஒவ்வொன்றாய் விதிக்கின்றது. ஆனாற் குறித்த உயரத்துக்கு மேற்பட்ட பகுதியை எவ்வாறு கட்டுவது என்பதை, கட்டும்போது பெறும் அனுபவமே கற்பிக்கும் என விட்டுவிடுகின்றது.

1420 ஆகஸ்ட் மாதத்திற் பணி தொடங்கிற்று. உள்ளும் புறமுமாக இரு ஓடுகள். அவற்றைப் பிணைப்பன 8 பெரிய விலா வளைவுகளும் 16 சிறியனவும். மாடம் புறத்தே விரியாதபடி கல், இரும்பு, மரம் ஆகியவற்றாலான வளையங்கள் அதனைச் சுற்றி இறுக்கின. செங்கற்களுட் சில கிடையாகவும் சில நிலையாகவும் மீன்முள் வடிவிற் கோக்கப்பட்டமையால், ஒவ்வொரு வரியும் சாந்து இறுகுமுன்னரே தன்னைத் தாங்கி நின்றது. பாரமேற்றுதற்குப் புறூனெலெஸ்கி அமைத்த பொறியை எருதுகள் சுழற்றின. எருதுகளைத் திருப்பாமலே பாரத்தை ஏற்றவும் இறக்கவும் அதனால் இயன்றது. 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட செங்கற்கள் மேலேறின என மதிப்பிடுவர்.

1436 மார்ச் மாதத்திற் பாப்பரசர் நான்காம் யூஜீன் ஆலயத்தைப் புனிதப்படுத்தினார். அவ்வாண்டிலேயே குவிமாடமும் முற்றுப்பெற்றது. உச்சி விளக்குமாடத்தை வரைந்தவரும் புறூனெலெஸ்கியே. எனினும் 1446 இல் அவர் இறந்தமையால், மிக்கெலோற்சோ முதலியோர் அப்பணியைத் தொடர்ந்தனர். 1471 இல் வெறோக்கியோ செய்த செப்புக் கோளம் முடியிலேறிற்று. இன்று நாம் காணும் முகப்போ 1887 இல் நிறைவுற்றது.

வழி அறியாது அத்திவாரமிட்டமை பேதைமையன்றோ என வினவலாம். தம் அறியாமையை மறைத்து அவர் தொடங்கியிருப்பின் அது பேதைமையே. அவரோ தாம் அறிந்ததை மாதிரியாய் நிறுவி ஆணையாற் காத்தனர். அறியாததைப் பொதுப் போட்டிக்கு விடுத்து, பிறர் அறிவை நாடினர். ஒரு படிநிலையில் நிற்போர், தம் பங்கைத் திருத்தமாய் முடித்து, முடியாததை முடியாததென்றே அடுத்தவர் கையில் ஒப்படைத்தல் வேண்டும். நூறாண்டுப் பணியைக் காப்பது இவ்வொழுங்கேயாம்.

புறூனெலெஸ்கி பிறந்தது 1377 இல். மாதிரியுருவுக்கு நகரத்தார் ஒப்புதல் அளித்தபோது, அதனை நிறைவேற்றப்போகும் மனிதர் இவ்வுலகிற் பிறந்திருக்கவில்லை. நகரத்தார் அவருக்கென ஆற்றியது, சுவர்களைச் செவ்வனே எழுப்பி வைத்தமையே. வகுப்பறையில் நின்று நாளும் ஒரு வரி கல் வைக்கும் நம்மனோர்க்கு இவ்வரலாறு சிறந்ததோர் ஆறுதலாகும். கல்லைக் கோணலாய் வைத்துவிடலாகாது என்னும் எச்சரிக்கையுமாகும்.